ஜோம்பிக்கு எதிராக ஒரு குவார்ட்டர்ஸ்

என் பக்கத்து சீட்காரருக்கு ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் போன் இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். நேற்று ஒரு வீடியோவை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆன்லைன் விளையாட்டில் ஜோம்பி என்கிற நடைபிணக் கூட்டத்திடமிருந்து பேஸை, அதாவது நாம் கட்டிய இடத்தை, எப்படிக் காப்பது என்று ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். மேட்டில் கட்டு, ரெண்டு வாசல் வை, ராத்திரி விளக்கை அணை. அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! கோழிக்கூண்டு கட்டுகிறவனுக்கே தெரிந்த விஷயம். ஆனால் வீடியோவில் பின்னால் ஓடிய ஜெனரேட்டர் உறுமல் என்னை இழுத்துவிட்டது. நெய்வேலியில் வளர்ந்தவன் காதில் அனல்மின் நிலையத்தின் அந்த மாதிரி ஓர் உறுமல் எப்போதும் குடியிருக்கும். கூடவே, கொடியில் காயும் சட்டையில் படியும் கரித்தூள் வாசனையும் வந்துவிடும்.

படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், அப்பாக்களின் பர்மனென்ட் சம்பளத்தில் வயிறு வளர்த்த காலம் அது. நான், பாபு, ரமேஷ். கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரே பிளாக், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். அப்போது நாங்கள் ஆடிய ஜோம்பி விளையாட்டில் மற்ற கூட்டங்கள் கோட்டை கட்டின. நாங்கள் கட்டியது குவார்ட்டர்ஸ். ரமேஷின் அப்பா ஆபீசர் என்பதால் அவன் தன்னைத்தானே சீஃப் ஆக்கிக்கொண்டான். நேர்க்கோட்டில் ரோடு, வாசலில் செடி, கதவுக்குக் கதவு நம்பர். ஜோம்பி அட்ரஸ் விசாரித்துக்கொண்டா வரும்? காவலுக்கு ஷிப்ட் வேறு. மூன்று பேருக்கும் ஜெனரல் ஷிப்ட்தான் வேண்டும். நைட் ஷிப்டுக்கு நாதியில்லை. வெட்கங்கெட்ட கூட்டம், என்னையும் சேர்த்துத்தான்.

விளையாட்டில் அந்த இடம் பாபு பேரில் இருந்தது, கொடி நட்டது அவன்தான். கொடி நட்டவன் அவ்வப்போது வந்து தலைகாட்டாவிட்டால் சுவர் தானாக இற்றுப்போகும். அவன் வராதபோது மற்றவர்கள் மரம் வெட்டி வந்து ஆணி அடித்தால் தாங்கும். அவ்வளவுதான் விதி.

பாபுவின் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூர் தாண்டி அவர்கள் ஊருக்கே போனார்கள். அங்கே நெட் லைன் கிடையாது. சாமான் ஏற்றிய லாரி பக்கத்தில் நின்று பாபு எங்களிடம் சொன்னான்:

"செவுத்த மட்டும் பாத்துக்கினு இருங்கடா. லைன் வாங்குனதும் வந்துர்றேன். நாம மூணு பேரும் சேந்து இருக்க இனிமே அது ஒண்ணுதான் இருக்கு."

தலையை ஆட்டினோம். ஆட்டுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

முதல் விரிசலை நான் ரமேஷிடம் சொன்னேன். அவன் 'நோட் பண்ணிட்டேன்' என்றான். அடுத்ததை அவன் என்னிடம் சொன்னான். நானும் நோட் பண்ணினேன். குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு என்ன தெரியும்? குழாய் ஒழுகினால் கம்ப்ளெயின்ட், கூரை ஒழுகினால் கம்ப்ளெயின்ட். எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஏணியோடு ஆள் வரும். சொந்தக் கையால் ஒரு ஆணி அடித்ததில்லை. பாழாய்ப்போன விளையாட்டிலாவது அடித்திருக்கலாம், மவுஸை அழுத்தினால் போதும். மெயின்டனன்ஸ் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதற்கு ஆள் போடாமல் விட்டான் எங்கள் சீஃப். நம்பர் போட்ட கதவை விட்டுவிட்டு, இற்ற சுவர் வழியாக ஜோம்பிகள் உள்ளே வந்தன.

லைன் வாங்கிக்கொண்டு பாபு வந்தபோது கொடிக்கம்பம்கூட மிச்சமில்லை. திரையில் இடிபாட்டு நடுவில் அவன் பொம்மை அசையாமல் நின்றது. மைக்கில் அவன் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?"

ரமேஷ் சிரித்துத் தொலைத்தான். பாபு சிரிக்கவில்லை. விளையாட்டை விட்டு வெளியே போனான். திரும்ப வரவேயில்லை.

இதையெல்லாம் கேட்ட பக்கத்து சீட்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து, எங்கள் பேஸில் எத்தனை ஜோம்பி இருந்தது என்று கேட்டார். ரெண்டு என்றேன். அவருக்குப் புரியவில்லை, புரிய வைக்கும் எண்ணமும் எனக்கில்லை.

அந்த விளையாட்டின் சர்வரை மூடிவிட்டார்கள். போன மாதம் நெய்வேலி போனபோது பாபு இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையையும் இடித்துத் தள்ளியிருந்தார்கள். அவன் அம்மா வைத்த முருங்கை மட்டும் காய்த்துக் கிடந்தது, பறிக்க ஆளில்லை. அங்கே நின்றே அவன் பழைய போன் நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.