தொலைக்காட்சிப் பெட்டி காலமான வாரம்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் மதியம் உயிரை விட்டது. படம் ஒரு கோடாகச் சுருங்கியது, கோடு புள்ளியானது, பிறகு புள்ளியும் இல்லை. மாமா அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். சரிவரவில்லை என்றதும் பின்பக்கத்தைக் கழற்றி, எல்லாம் தெரிந்தவர்போல ஊதிவிட்டுத் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்தபோது இரண்டு ஆணிகள் மிஞ்சியதுதான் கண்ட பலன்.

அந்த வாரம் மொன்றியலில் மைனஸ் முப்பது. பால் வாங்க டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குப் போய்வந்த மாமாவின் மீசை வெள்ளையாகியிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி படிந்து, அண்ணா அதில் நகத்தால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா வேலை செய்த தொழிற்சாலை புதுவருடம் வரைக்கும் பூட்டு. சென்ட் லோரன்ட் பகுதியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதற்குள் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, பன்னிரண்டு வயது அண்ணா, ஒன்பது வயது நான். குளிரில் செத்துவிடக் கூடாதென்று மாமா தன் காரின் பற்றரியைக் கழற்றிக்கொண்டுவந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த வீட்டில் இருந்தவற்றிலேயே நல்ல இடம் அதற்குத்தான் கிடைத்தது.

அடைபட்டுக் கிடப்பது எங்களுக்குப் புதிதல்ல. கஷ்டம் என்னவென்றால், அப்பா அறையை விட்டு வருவதில்லை.

ஐப்பசியில் ஒரு கடிதம் வந்திருந்தது. ஊரிலிருந்து கொழும்பு வந்து, கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் கையில் கனடா வந்து சேர்ந்த கடிதம். அப்பாவின் அப்பா இறந்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. இறந்தது ஆனியில். நாலு மாதமாக அவர் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், எங்களைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போகலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார், என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியிருக்கிறார். பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களுக்கான பூசைக்கு அவர் பெயரைக் கொடுத்தோம். பிரெஞ்சுப் பாதிரியார் பதினொரு பெயர்களைத் தன் உச்சரிப்பில் வரிசையாக வாசித்தார். அதில் எது எங்கள் அப்பப்பா என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. பேப்பரில் மரண அறிவித்தல் போடுவோமா என்று அம்மா கேட்டதற்கு, "நாலு மாசம் கழிச்சு என்னத்தைப் போடுறது?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

தொலைக்காட்சி உயிரோடு இருந்தவரை, ஐஸ் ஹொக்கி பார்க்கவாவது எங்களோடு வந்து உட்காருவார். இப்போது அதுவும் இல்லை. மாமா சீட்டுக்கட்டை எடுத்து முந்நூற்று நாலு விளையாடக் கூப்பிட்டார். அந்த விளையாட்டுக்கு நாலு கை வேண்டும். மாமா, அம்மா, அண்ணா, அதோடு கை நின்றுவிட்டது. என்னைச் சேர்க்கச் சொல்லி அழுது பார்த்தேன். துரும்புச் சீட்டு எதுவென்று முகத்திலேயே காட்டிக்கொடுப்பேன் என்று சேர்க்கவில்லை. உண்மைதான், நான் காட்டிக்கொடுப்பேன்.

இரண்டாம் நாள் அம்மா என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"கொப்பா இப்பிடியே சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தா நோய் வருத்தம் வந்திடும். நான் சொன்னாக் கேக்கமாட்டார். நீ ஏதாவது செய் பிள்ளை, ஒருக்கா ஹோலுக்கு வந்து இருந்தாப் போதும்."

அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. முதலில் ஹோலில் நடனம் ஆடினேன். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடித் துடைப்பத்தால் தன் கூரையில் இடித்தார், அப்பா வரவில்லை. அண்ணாவின் மாயவித்தைக் காட்சிக்கு நுழைவுச்சீட்டு எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளினேன். சீட்டு உள்ளே போனது, ஆள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு வானொலி நிலையம் தொடங்கும் எண்ணம் வந்தது. மாமாவின் கசற் றேடியோவில் ஒரு மைக் பூட்டலாம். அதில் பேசினால் குரல் வீடு முழுக்கக் கேட்கும். அறைக்கதவைத் தாண்டியும் கேட்கும்.

என்ன வாசிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. நான் தமிழ் படித்தது மரண அறிவித்தல்களில். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மட்டும்தான் என்பதால், சனிக்கிழமைகளில் அம்மா என்னை இருத்தி, தமிழ்க்கடையில் சும்மா தருகிற பேப்பரை விரித்துவிடுவார். கதை, கட்டுரையெல்லாம் பொடி எழுத்து. மரண அறிவித்தல்களோ நல்ல பெரிய எழுத்தில் இருக்கும், ஒரே வசனங்கள் திரும்பத் திரும்ப வரும். மற்றப் பிள்ளைகள் அணில், ஆடு, இலை என்று படிக்க, நான் பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும், பாசமிகு தந்தையும் என்று படித்தேன். அம்மா இதில் ஒரு பிழையும் காணவில்லை. என் வாசிப்பு நாளுக்கு நாள் திருந்தியது, அவருக்கு அது போதும். எனக்கோ அவைதான் தமிழிலேயே அழகான வசனங்கள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

"மரண அறிவித்தல். ஜப்பானைப் பிறப்பிடமாகவும், மொன்றியல் சென்ட் லோரன்டை வசிப்பிடமாகவும் கொண்ட பெரிய ரீவி அவர்கள், நேற்று முன்தினம் சவர்க்கார விளம்பரத்தின் நடுவே காலமானார். அன்னார் வீடியோ டெக்கின் அன்புக் கணவரும், ரிமோட்டின் பாசமிகு தந்தையும், மேசை லாம்பின் மைத்துனரும் ஆவார்."

மாமா சோபாவிலிருந்து சரிந்து தரையில் விழுந்து சிரித்தார். "என்ர காருக்கும் ஒண்டு வாசி மருமகள்!" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? குளிரின் காரணமாக அகால மரணமடைந்த கார், ஹீற்றருக்குப் பக்கத்தில் தனித்து வாடும் அன்பு மனைவி பற்றரி என்று அவிழ்த்துவிட்டேன். ஒவ்வொரு வசனத்துக்கும் குரலைக் கூட்டினேன், அறைக்கதவைப் பார்த்தே வாசித்தேன்.

அம்மா அகப்பையோடு ஓடிவந்தார்.

"வாயை மூடு! செத்தவீட்டுச் சனம் நாங்கள். இதை வைச்சோ விளையாடுறாய்? அந்த மனுசன் கேட்டா என்ன நினைக்கும்?"

அந்த மனுசன் கேட்டுவிட்டார். கதவு திறந்தது. மூன்று வாரத் தாடியோடு அப்பா நின்றார். மாமா தரையிலிருந்து எழும்பி நல்லபிள்ளையாக உட்கார்ந்தார். நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"வாசிச்சது ஆர்?"

"நான்தான் அப்பா."

"இதெல்லாம் எங்க பழகினனீ?"

"பேப்பரில."

அப்பா தாடியைச் சொறிந்தார். "முடிவு பிழை. 'தகவல், குடும்பத்தினர்' எண்டு சொல்லாமல் நிப்பாட்டக் கூடாது," என்றார். திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் வானொலி நிலையம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மா மைக்கைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். ஆனால் அரை மணித்தியாலம் போக அப்பா மறுபடி வந்தார். கையில் ஒரு தாள், பென்சிலால் எழுதி, அழித்து, எழுதியது. ஹோலில் தன் பழைய கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"இதையும் வாசி," என்றார். "பேரை மட்டும் ஆறுதலா, நிறுத்தி வாசி மகள். வடிவா வாசி."

அது அப்பப்பாவின் அறிவித்தல். அவருக்கு அவ்வளவு நீளமான பெயர் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்று தரம் வாசித்துப் பழகினேன். அம்மா அலுமாரிக்கு மேலிருந்து மைக்கை எடுத்துத் தந்தார். அண்ணா வெற்றுக் கசற் ஒன்றைப் போட்டுப் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கினான்.

நான் வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் வாசித்தேன். பெயரில் ஓர் எழுத்தும் தடக்கவில்லை. பிறப்பிடம், வசிப்பிடம், காலஞ்சென்ற அப்பம்மாவின் அன்புக் கணவர் என்று ஒவ்வொன்றாக வந்து, பிள்ளைகளின் பெயர்களை அவரவர் இருக்கும் இடத்தோடு சொன்னேன். பெரியப்பா ஜேர்மனி, மாமி வவுனியா, அப்பா கனடா. பேரப்பிள்ளைகள் வரிசையில் என் பெயரும் இருந்தது. அதை மற்றவற்றைவிடக் கொஞ்சம் உரத்து வாசித்தேன். பிறகு "அன்னாரின் பூதவுடல்" என்று தொடங்கிய வரி பாதியில் நின்றது. மிச்சம் வெறும் தாள்.

"அப்பா, எந்தச் சேமக்காலை எண்டு எழுதேல்லை. எங்க புதைச்சது எண்டு கட்டாயம் போடவேணும். பேப்பரில எல்லாருக்கும் போடுவினம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

"அது தெரியாது மகள். சண்டையில எல்லாரும் இடம்பெயர்ந்து ஓடின நேரம். அதை விட்டிட்டு அடுத்ததை வாசி."

எனக்கு அது பெரிய குறையாகத்தான் பட்டது. ஆனாலும் அறிவிப்பாளர் நடுவில் நிற்கக் கூடாது. "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். தகவல், குடும்பத்தினர்," என்று ஒரே மூச்சில் முடித்தேன்.

வாசித்து முடித்ததும் மாமா எழுந்து நின்றார். பிறகு அம்மா. மாமா கண்ணைக் காட்ட, அண்ணாவும் எழுந்தான். கடைசியாக அப்பா, கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கசற் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிக்கூட விழாவில் மிக நன்றாகச் செய்தவர்களுக்குச் சனம் எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மைக்கைக் கீழே வைத்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முறையாகக் குனிந்து வணக்கம் சொன்னேன். அவர்கள் இன்னும் உட்காராததால் இரண்டாம் தரமும் சொன்னேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு செபம் சொல்லத் தொடங்கினார். முடிந்ததும் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையில் கை வைத்தார். "நல்லா வாசிச்சாய்," என்றார். அம்மா எல்லோருக்கும் பால் விடாத கோப்பி போட்டுக்கொண்டுவந்தார். கோப்பி குடித்த பிறகு அப்பா முகம் வழித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சீட்டைக் கலை," என்றார் மாமாவிடம். புதுவருடம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அவர் ஹோலில்தான் இருந்தார். அம்மா தந்த வேலையை நான் செய்து முடித்துவிட்டேன். அந்தப் பெருமையில் இரண்டு நாள் நான் யாரையும் மதிக்கவில்லை. கசற் தபாலில் ஜேர்மனிக்குப் போனது. பெரியப்பா அதைப் பத்துத் தரம் போட்டுக் கேட்டாராம். அதற்கும் காரணம் என் குரல்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மனிதரின் செத்தவீடு ஆறு மாதம் பிந்தி, ஒரு கடல் தள்ளி, எங்கள் ஹோலில் நடந்து முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்க வெகுகாலம் எடுத்தது.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். வீட்டில் வானொலி நடத்தினேன், என் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால் எல்லோரும் எழுந்து நின்றார்கள், அப்பாவுக்கு மகிழ்ச்சியில் கண்ணீர் வந்தது என்று. ஆசிரியை கீழே சிவப்பு மையில் பிராவோ என்று எழுதியிருந்தார். வேலை முடிந்து வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றுமுன்பே அதை நீட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"ஓம் மகள்," என்றார். "அதுக்குத்தான் எழும்பி நிண்டனாங்கள்."