கன்னியம்மாவின் வாயில் நின்ற நீலம்

மருந்து கிடைக்கவில்லை என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாயில் பூசிய நீலம் கழுவியதும் போய்விட்டதே என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஒரு மீனவக் குப்பத்தில், இரண்டு மாதத்துக்கு முன்னால்.

'எனக்கு மட்டும் ஏன் நிக்கல, இன்னொரு வாட்டி பூசு' என்று இரண்டு பெண்கள், வாய்ச் சோதனைக்காக மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீலம் நின்றவளோ வெற்றி பெற்றவளைப் போலச் சிரித்துக்கொண்டே போனாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த வாய் ஒரு வாரத்தில் உலர்ந்துபோனது.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். வாரத்தில் ஒருநாள் எழுத்து. மற்ற நாளெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி என்று டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடக்கிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி.

அந்தக் கம்பெனி, மெட்ராஸ் ஹோட்டல் ஒன்றில் எங்களைக் கூட்டி வைத்து ஸ்லைடு போட்டுக் காட்டியது. உடம்பின் சூட்டைப் படம் பிடித்து மார்பில் கட்டி இருக்கிறதா என்று சொல்லும் கருவி... மார்புக்கென்றே தனி எக்ஸ்ரே... எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. இனிமேல் குணப்படுத்துகிற மருந்தைவிடப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிற சாமானுக்குத்தான் மார்க்கெட் என்றார் மேனேஜர். கருவியெல்லாம் பெரிய ஊர்க்காரர்களுக்குப் போயிற்று. தொழிற்பேட்டைக்கு இப்போதுதான் நிலம் அளக்கிற கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்கு என்ன கிடைக்கும்? என் பெட்டியில் ஒரு பாட்டில் நீலச் சாயம் வந்து விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரச் சாயம்தான். வாய்க்குள் பூசிக் கழுவினால் நல்ல இடத்திலிருந்து போய்விடும். சந்தேகமான இடத்தில் நிற்கும். நின்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கிருந்து துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும்.

குப்பத்துக்கு அதைக் கொண்டு போனதற்குக் காரணம் உண்டு. வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சில பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சுருட்டுப் பிடிப்பார்கள், நெருப்புள்ள முனையை வாய்க்குள் வைத்து! காற்றில் அணையாது, சாம்பல் மீன் கூடையில் விழாது என்று காரணமும் தயாராக வைத்திருக்கிறார்கள். வெந்து போவது மேல் அண்ணம்.

நீலம் நின்றவள் அப்படி வந்தவர்களில் ஒருத்திதான். கன்னியம்மா. கும்மிடிப்பூண்டி சந்தையில் கருவாடும் காய்ந்த இறாலும் விற்பவள். என் டையைப் பிடித்துப் பார்த்து, 'இது எந்த மீனுக்குப் போடுற கயிறு நைனா?' என்று கேட்டவள்.

அவள் அண்ணத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. நோயின் பெயரை நம் டாக்டர்கள் நோயாளியிடம் சொல்வார்களா? இவரும் சொல்லவில்லை. சின்னதாக ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்றார். கூட்டி வரும் பொறுப்பு என் தலையில்.

வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நின்றேன். பாசஞ்சர் வந்தது, போனது. அவள் வரவில்லை. அடித்துப் பிடித்து பஸ் ஏறி, மணலில் நடந்து, குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கன்னியம்மா வெயிலில் இறாலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் நெருப்பு, வெளியே வெறும் முனை. பக்கத்தில் அவள் புருஷன் ஏகாம்பரம் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். சுருட்டை எடுத்துவிட்டு, எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னாள்:

"எனக்கு இன்னாத்துக்கு நைனா மெட்ராசு? எனக்குத்தான் மருந்து நல்லாப் புடிச்சிக்கிச்சே. புடிக்காதவளுங்கள இட்டுக்கினு போ."

அப்போதுதான் புரிந்தது. சண்டை, சிரிப்பு எல்லாம்.

வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து தடவுவார்கள், அது ஊருக்கே தெரியும். அதோடு இவர்கள் வலைக்காரர்கள். மரப்பட்டையைக் காய்ச்சிப் பருத்தி வலைக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள். சாயம் கெட்டியாக நின்றால் வலை உழைக்கும். போய்விட்டால் மறுபடி ஏற்ற வேண்டும். வலைக்கு ஒரு நியாயம், வாய்க்கு ஒரு நியாயமா? நீலம் நின்றவள் பிழைத்தாள் என்று குப்பமே முடிவு கட்டியிருந்தது.

அது மருந்து இல்லை என்றேன். பின்னே என்னவாம் என்றாள்.

டையைச் சரிசெய்துகொண்டேன். பேசியே பிழைக்கிறவன் நான்! அந்த நோயின் பெயரோடு மெட்ராசுக்குப் போனவர் யாரும் திரும்பியதில்லை என்பது குப்பத்தின் அனுபவம். எல்லாம் முற்றிய பிறகு போனால் எப்படித் திரும்புவார்கள்? ஆனால் அதை யாரிடம் விளக்குவது? பெயரைச் சொன்னால் வரவே மாட்டாள். சொல்லாவிட்டாலும் வர மாட்டாள்.

பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வலையைப் பார்த்தேன். ஓர் இடம் மட்டும் திட்டாகக் கறுத்திருந்தது. இந்த இடத்தில் மட்டும் ஏன் சாயம் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

"அங்க நூலு நைஞ்சிருக்குது சார். நைஞ்ச நூலு ஜாஸ்தி குடிக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எழுந்து போய் மனைவியின் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நீலம் எப்போதோ போயிருந்தது. அவர் எதைத் தேடினார் என்பது எனக்குத் தெரியும்.

"பொடவ மாத்திக்கினு வா. போலாம்," என்றார்.

அவள் இறாலை அப்படியே விட்டுவிட்டுக் குடிசைக்குள் போனாள். பாதிச் செப்பனிட்ட வலை மணலிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். பூசிய நிமிஷமே பேசிய சாயம் எங்கே, நாள் கணக்கில் வாய் திறக்காத ஆய்வுக்கூடம் எங்கே! அந்த நாட்களில் கன்னியம்மா சந்தைக்கு வந்தாள். என் டையை அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. என்னவென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி மருந்துக் கடைக்கு டிரங்க் கால் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம். பரவவில்லை. சின்ன ஆபரேஷனிலேயே எடுத்துவிடலாம், உடனே அட்மிட் ஆகட்டும் என்றார் டாக்டரம்மா. போனை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த கூட்டத்தில் எங்கள் மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னேன். 'இது மருந்து அல்ல, தேடிப் பார்ப்பது' என்று பாட்டிலில் தமிழில் ஒரு வரி அச்சடிக்கலாமே? அதற்கெல்லாம் மார்க்கெட் இல்லை என்றார். நோயைக் கண்டுபிடிக்கப் புதுப் புதுச் சாமான் வருகிறது. கண்டுபிடித்ததை ஒரு மனுஷிக்குச் சொல்வதற்கு மட்டும் ஒன்றையும் காணோம்.

போன சனிக்கிழமை அவளைச் சந்தையில் பார்த்தேன். அண்ணத்தில் அறுத்து எடுத்த பிறகு பேச்சு கொஞ்சம் மூக்கால் வருகிறது. கூடையும் கத்தலும் பழையபடி. சுருட்டை விட்டாயா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"உட்டுட்டேன் நைனா."

டாக்டரம்மா சொன்னதாலா என்றேன்.

"அய்ய... நெருப்ப வெளிய வெச்சிக்கினு ஒருநாள் இழுத்துப் பாத்தேன். ருசியே இல்ல. அத்தொட்டுத்தான்."

எந்த டாக்டரும் எழுதித் தராத காரணம்... இருந்துவிட்டுப் போகட்டும்!