மணையில் உட்கார்ந்த மெஷின்

தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருவதால், தொட்டித் தண்ணீரில் காற்றை ஈரமாக்கிச் செலுத்தும் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கிறேன். ஆயுத பூஜையன்று மனைவி அதற்குப் பொட்டு வைத்து, தலைக்கு மேலே அலமாரியில் ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து, ஏசி குளிருக்குக் குழாய் உள்ளே வியர்த்து, தண்ணீர் மூக்கில் வடிந்தது. பழைய கண்டாங்கிச் சேலையில் குழாய்க்கு உறை தைத்துப் போட்டோம். குறைந்தது, நிற்கவில்லை. தூங்கி எழுந்தாலே அலுப்பு.

மெஷின் தலை மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் அதன் தொட்டிக்கே திரும்பிவிடும் என்றார் விற்றவர்.

“உசுரக் காக்குற சாமான, கால் படுற தரையில வைக்கச் சொல்றீகளே!” என்றாள் மனைவி. கடைசியில், கட்டிலோரம் மணை போட்டு இறக்கினாள்.

வடிவது நின்றது. மணையில் கால் பட்டுவிடக் கூடாதென்று, கட்டிலின் கால்மாட்டு வழியாக ஊர்ந்து இறங்குகிறேன். மூச்சு சரியாக வருகிறது. முட்டிதான் வலிக்கிறது.