லோகு உட்கார்ந்த வேறு துறை

ஆரம்பாக்கத்து லோகு பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். எனக்கு அடுத்த வீடு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவன் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், உதவும்.

அவன் ஆசைப்பட்டது கணினித் துறை, கிடைத்தது வேதியியல். கணினி வகுப்பில் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஆலையில் பக்கத்து செக்சனில் ஆள் இல்லையென்றால் போய் நிற்பார்கள், நின்றால் கூலி உண்டு. அந்தப் பழக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். யாரும் எழுப்பவில்லை. அவ்வளவு நாகரிகமான இடம்.

பரீட்சை நெருங்கியதும் பார்த்தால், வேதியியலில் அவன் வந்ததாகவே பதிவில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது.

"இத்தன நாளா எங்கப்பா இருந்த?" என்றார் வேதியியல் துறைத்தலைவர் அம்மா.

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல மேடம். தெனம் வந்துகினுதான் இருந்தேன்."

"அப்ப அங்கயே போய்க் கேளு."

கணினித் துறைத்தலைவர் இன்னும் நல்லவர். "உன்ன நல்லாத் தெரியும்ப்பா. ஆனா நீ என் ஸ்டூடன்ட் இல்லையே."

அவன் அம்மா அருணாவுக்கு அன்றைக்கு ஷிப்ட் இருந்தது. அதனால் நான் கூடப் போனேன்.

"ரெண்டு பேருக்கும் மேல ஒரு சூப்பர்வைசர் இருப்பாருல்ல, அவராண்ட போலாம் வாடா" என்றேன்.

இருந்தார். பல துறைகள் சேர்ந்தால் ஒரு புலம், அதற்கு ஒரு டீன். ஆனால் வேதியியல் அறிவியல் புலத்தில், கணினி பொறியியல் புலத்தில். ஆக, டீனும் இரண்டு பேர். இவர் அவரைக் கைகாட்டினார், அவர் இவரைக் கைகாட்டினார், இரண்டுமே மிக மரியாதையாக. எல்லாருக்கும் மேலே துணைவேந்தர். அவர் அன்றைக்கு டெல்லியில்.

அறிவியல் டீன் வாசலில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பாட்டி, கிளம்புங்க" என்றார் டீன்.

"புள்ளைக்கு ஒரு வழி சொல்லுப்பா, போறேன்."

சொன்னார். மன்னிப்புக் கேட்டு மனுக் கொடுத்தால் வேதியியலிலேயே பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் இந்த வருடத்தை விட்டுவிட்டு, அடுத்த வருடம் கணினித் துறையில் புதிதாகச் சேரலாம்.

எழுதிவிடு என்றேன். இன்றைக்கும் அதுதான் சரி என்பேன்.

"வேணாம் ஆயா. திரும்ப சேந்துக்கறேன்."

"ஒரு வருசம் வீணாப் போவுதேடா."

"மில்லுல எத்தினி வருசம் போச்சு, யாரு கேட்டாங்க?"

சேர்ந்துவிட்டான். தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்கிறான். போன வாரம் காய்ச்சல், ஒருநாள் போகவில்லை. சாயங்காலமே துறையிலிருந்து போன்: ஏன் வரவில்லை, விளக்கம் வேண்டும். திட்டு வாங்கியவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அருணா கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டான்.