உறுமாத டயர்

பல்லக்காவுக்கு நாய் என்றால் பயம். சும்மா பயம் இல்லை, விவரம் தெரிந்தவரின் பயம். பொய்ப்பல் செய்யும் லேபில்தான் அவருக்கு வேலை. நாள் முழுக்க மெழுகில் பல் செதுக்குவார், வார்த்து வந்த பல்செட்டைத் தேய்த்து மெருகேற்றுவார். கோரைப்பல் எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் இறங்கும் என்றெல்லாம் அவர் விரல்களுக்கு மனப்பாடம். ஒரு நாய் வாயைத் திறந்தால் நாமெல்லாம் நாயைப் பார்ப்போம். அவருக்குப் பல் மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர் தினமும் போகிற வழியோ பழைய பாட்டில்களை உடைக்கும் யார்டு வழி! பெரிய ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, சைக்கிளை விடமாட்டார்கள். வீட்டுக்காரருக்கு விடியும் முன்பே ஷிப்ட். ஆகவே நாலு வயது மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டு, காப்பகத்தில் விட்டுவிட்டு லேபுக்குப் போவது பல்லக்கா பொறுப்பு. யார்டு கேட்டுக்கு முன்னால் ரோடு பூராவும் கண்ணாடிச் சில்லு. கேட் ஓரத்தில் நாலு காவல் நாய்கள். சைக்கிள் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அவை படுத்த இடத்திலிருந்து அசையாது. நின்றால் போச்சு.

ஒரு நாள் நின்றே விட்டது.

அப்போது போட்டிருந்தது மெல்லிசான டயர். வீட்டுக்காரர் ஆசை ஆசையாக சைக்கிளுக்குச் சந்தன நிறம் அடித்து, சீட்டுக்கும் கைப்பிடிக்கும் பழுப்புத் தோல் தைத்திருந்தார். அதற்குத் தோதாகப் பக்கவாட்டில் பழுப்பு நிறம் உள்ள டயராகத் தேடி வாங்கியது. பார்க்க அப்படி ஒரு அழகு! ஓட்டினால் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். ஆனால் கேட்டைத் தாண்டியதும் தாண்டாததுமாக புஸ்ஸென்று சத்தம். ரிம் தரையில் இடித்தது. பல்லக்கா இறங்கினார். திரும்பிப் பார்த்தால், நாலும் எழுந்து நிற்கின்றன.

ஓடவும் முடியாது. பின்சீட்டில் பெல்ட் போட்ட குழந்தை. சைக்கிளை நடுவில் நிறுத்திக்கொண்டு, நாய்கள் சுற்றச் சுற்ற இவரும் சைக்கிளைச் சுற்றினார். ஒன்று மகளின் செருப்பு வரைக்கும் வாயைக் கொண்டுவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து யார்டிலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே வந்ததால் சிதறின. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு லேபில் செதுக்கிய பல் ஒன்றுகூட நேராக வரவில்லையாம்.

சாயந்திரமே பல்லக்காவும் வீட்டுக்காரரும் டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரே கம்பெனியின் ஒரே டயரில் மூன்று ரகத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

"இது நீங்க போட்டிருக்கிறதும்மா. ஓட்ட சுகம், ஆனா தோல் மெல்லிசு. இந்த நடு ரகத்துல உள்ள ஒரு துணிப் பட்டை இருக்கு. சின்னச் சில்லைத் தடுக்கும். இதுவும் பழுப்பு நிறத்துல வருது."

"பாட்டிலோட அடிப்பக்கம் உடைஞ்ச துண்டைத் தடுக்குமா?" என்றார் பல்லக்கா.

"அதுக்கு இதுதான்." மூன்றாவதைத் தூக்கிக் காட்டினார். உள்ளே விரல் தடிமனுக்கு நீல ரப்பர் அடுக்கு, மேலே தரையைப் பிடிக்கக் கட்டை கட்டையாக வரிப்பல். "ஆணியே குத்தினாலும் காத்து நிக்கும். கொஞ்சம் கனம். கருப்பு மட்டும்தான்."

வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, பட்டு வேட்டி கட்டினவன் காலுல ரப்பர் பூட்ஸ் மாட்டின மாதிரி இருக்குமே."

"பூட்ஸ் போட்ட காலை நாய் கடிச்சா வலிக்காதுங்க. எடுங்க அதையே."

பஞ்சர் நின்றது. சத்தியமாக நின்றது! ஆனால் பயம் இரண்டு மடங்கானது. முன்பு படுத்தே கிடந்த நாய்கள், இப்போது இவர் யார்டுக்கு முந்தைய வளைவில் திரும்பும்போதே கேட்டில் வரிசை கட்டி நின்றன. ஏதோ ஆள் அனுப்பிச் சொன்னது போல. பார்த்ததும் பாய்ந்தன. டயர் கனம் என்பதால் மிதித்தாலும் வேகம் சட்டென்று ஏறவில்லை. மகளுக்குக் காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். நாலு வயதுப் பிள்ளை, வளைவு வந்ததும் யாரும் சொல்லாமலே காலைத் தூக்கிவிடும். அதை என்னிடம் சொன்னபோது பல்லக்கா அழவில்லை, நான்தான் அழுதேன்.

"எப்படிங்க தெரியுது அதுங்களுக்கு? பார்க்கிறதுக்கு முன்னாலயே நிக்குதுங்க!" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார்.

லீவு நாளில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள். வீட்டுக்காரர் கையில் ஆயுதமாகக் குடை. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சுவர் உடைந்திருக்கிறது. அவர் அந்த இடுக்கு வழியாக நாய்களைப் பார்த்துக்கொண்டார், பல்லக்கா பின்னாலிருந்து ஓட்டி வந்தார். ம்ம்ம்ம் என்று டயர் தார் ரோட்டில் உறுமியது.

"காதைத் தூக்குது... நிறுத்து!"

நிறுத்தினார்.

"மடங்கிடுச்சு. இப்ப வா... ஐயோ, திரும்பத் தூக்குது! நிறுத்தும்மா, நிறுத்து!"

வரிப்பல்தான் உறுமுகிறது. அந்தச் சத்தம்தான் நாய்களை எழுப்புகிறது. மெல்லிசு டயர் போட்டால் கண்ணாடி, தடித்தது போட்டால் நாய். நடு ரகம் போட்டால் பாட்டிலின் அடிப்பக்கத் துண்டு மேல் ஏறாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு வீட்டில் பேச்சு சரியாகப் போகவில்லை.

"பாலம் முடியுற வரைக்கும் வேலைக்குப் போக வேணாமே" என்றார் வீட்டுக்காரர்.

"அது வரைக்கும் என் சீட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போறியே, அதைச் சொல்றேன்."

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்று கத்தினார் பல்லக்கா.

மறுநாள் லேபுக்கு ஒரு பல்செட் திரும்பி வந்தது. சாப்பிடும்போது கடக் கடக்கென்று சத்தம் போடுகிறதாம். பல்லக்காவுக்கு இது தண்ணி பட்ட பாடு. மேட்டைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் சுற்றிய மோட்டாரால் சன்னமாகத் தேய்த்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். தேய்த்துக்கொண்டே இருந்தவர், சடாரென்று எழுந்து சைக்கிள் நிற்கும் பக்கம் பார்த்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு சக்கரத்தையும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார்! ரப்பர் கருகும் நாற்றம் தாங்காமல் லேப் மேனேஜர் அம்மா ஓடி வந்தார்.

"என்னம்மா இது, பல்லு செய்ற இடமா, பஞ்சர் கடையா?"

"மேடம், என் பொண்ணு..." என்று ஆரம்பித்து, நாய், வளைவு, சத்தம் எல்லாவற்றையும் கொட்டினார்.

மேனேஜர் அம்மா போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு டயரை விரலால் தடவினார். "இங்க ஒரு மேடு விட்டுட்டே பாரு. நீலம் வெளியே தெரியாம பார்த்துக்கோ. ஈறு வரைக்கும் இறக்கிடாதே."

வரிப்பல் மொத்தத்தையும் இறக்க நாலைந்து இடைவேளை ஆனது. முடித்தபோது டயர் சாம்பல் திட்டுத் திட்டாக இருந்தது. ஓரிடத்தில் கை தவறி நகக்கண் அளவு நீலம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எலி சாப்பிட்டு மீதி வச்ச மாதிரி இருக்கு."

"பரவாயில்லையா?"

"அழகு கிடக்கட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா வந்து சேருங்க."

மறுநாள் காலை. வளைவு வந்தது. மகள் பழக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டாள். சைக்கிள் சத்தமே இல்லாமல் திரும்பியது. கேட்டில் யாரும் நிற்கவில்லை. நாலும் படுத்திருந்தன. பல்லக்கா மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்தார்.

கேட்டுக்கு நேர் எதிரே, பின்னாலிருந்து குரல், சத்தமாக:

"அம்மா! வண்டி ஏம்மா பாட மாட்டேங்குது?"

ஒரு நாய் தலையைத் தூக்கியது. அதே நொடியில் பின்சக்கரத்துக்குக் கீழே சடக்கென்று ஏதோ உடைந்தது. நீலம் தெரிந்த இடமாக இருந்தால்? வேகமாக மிதிக்கச் சொல்லிக் கால் கெஞ்சியது. மிதித்தால் சங்கிலி சத்தம் போடும். அதே நிதானத்தில் மிதித்தார். ஒரு கையைப் பின்னால் நீட்டி மகளின் முட்டியைப் பிடித்துக்கொண்டார். அம்மா கை சில்லிட்டிருந்ததில் என்ன புரிந்ததோ, பிள்ளை வாயே திறக்கவில்லை. நாய் எழுந்து நாலு எட்டு பின்னால் நடந்து வந்தது. நின்றது. கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில் தெரிந்த பற்களை இன்றைக்கும் படம் போட்டுக் காட்டுவார் பல்லக்கா.

அடுத்த தெரு திரும்பியதும் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பஞ்சராம்மா?"

"இல்லடா செல்லம். அம்மாவுக்குத்தான் காத்து போயிடுச்சு."

குனிந்து பின்டயரை அமுக்கினார். கல் மாதிரி இருந்தது. பச்சைப் பாட்டில் துண்டு ஒன்று சாய்வாக ஏறி நின்றிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து, அந்த ஓட்டையில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. மகளின் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். சாயந்திரம் இதே வழியில்தான் திரும்ப வேண்டும் என்ற நினைப்போடு ஏறி மிதித்தார்.