கேக்கின் மேல் ஒரு பெயர்

எங்கள் மூத்த மகன் காய்ச்சலில் இறந்த அடுத்த வருடம் நடந்தது இது. அப்போது லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம். இளையவன் ஜோயலுக்கு ஆறாவது பிறந்தநாள். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நானே கேக் செய்தேன். "லால்பாக் பூந்தோட்டம் மாதிரி வேணும்மா" என்று கேட்டிருந்தான்.

என்னிடம் இருந்தது நீளமான தட்டு ஒன்றுதான். அதில் சுட்ட கேக்கின் மேல் பச்சை ஐசிங்கைப் புல் போலப் பிழிந்தேன். ஓரம் முழுக்க மஞ்சள் சாமந்திகள். நடுவில் அவன் பெயர். நான்கு மூலையிலும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுற்றி நிற்க, ஜோயலைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தான். கத்தியை வாங்கவில்லை.

"அம்மா, அண்ணன் படுத்திருக்கிற இடம் மாதிரியே இருக்கு. இதுல ஏன் என் பேரு போட்டிருக்க?"

முந்தைய வாரம்தான் கல்லறைத் திருநாள். மூத்தவனின் கல்லறைமேல் புல் பதித்து, ஓரத்தில் சாமந்தி அடுக்கி, மூலைக்கு ஒரு மெழுகுவத்தி வைத்திருந்தோம். எனக்குப் பூ எடுத்துக் கொடுத்தவன் ஜோயல்.

என் கணவர் அந்தப் பெயரை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "சாப்பிடத்தான்டா அம்மா எழுதியிருக்காங்க" என்றார். ஜோயல் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

மத்தியானம் முழுக்க லால்பாக்கைத்தான் செய்கிறேன் என்று நம்பியிருந்தேன். அந்த வருடம் என் கைகளுக்குத் தெரிந்தது அந்த ஒரே அலங்காரம்தான்.