மேசையில் இல்லாதவருக்கான விதி

ரொறன்ரோவிலிருந்து வந்துபோன என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி, ஒரு தடித்த ஆங்கில விளையாட்டுப் புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைகளையும் அவரிடம் விட்டுவிட்டுப் போனான். அதில்தான் எல்லாம் தொடங்கியது. அப்போது அவர் என் கணவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் எனக்கு முந்திய ஆண்டுக்காரர். படிப்பு முடிந்த பிறகும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நான் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் நாலு பேர் கூடுவோம். குருநகர்ப் பெடியன் காலைப் பூசை முடிந்த கையோடு வருவான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். இவன் கைத்தொலைபேசி திருத்துகிறவன். மற்றவள் கோப்பாய்க்காரி, என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள், ஆஸ்பத்திரியில் தாதி.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். கடல், ஊர், காவலாளி, எதிரி எல்லாம் அவர் வாயால் வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசவேண்டும், முடிவெடுக்கவேண்டும். எடுத்த காரியம் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்.

புத்தகத்தில் பாதிக்கு மேல் வெட்டுக்கொத்து. முதல் நாள் ஒரு குகைக்குள் ஏதோ ஒரு பிராணியைக் கொல்வதிலேயே காலை முழுக்கப் போய்விட்டது. வாளுக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம்.

“உதென்ன அண்ணை, கணக்குப் பாடமே?” என்றான் குருநகர்ப் பெடியன். “எனக்கு ஆரோடையாவது கதைக்கவேணும் போல கிடக்கு.”

எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கே விதிகளை மாற்றத் தொடங்கினோம். முதலில் பேச்சு; பேச்சில் தீராததற்கு மட்டும் பகடை. பகடையை உருட்டுவதற்கு முன், தவறினால் தன் பாத்திரம் எதை இழக்கும் என்று உருட்டுபவர் சொல்லவேண்டும். குகையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு துறைமுகத்தை வைத்தோம். அந்த விதிகளில் முக்கால்வாசி என்னுடையவை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போது வேறு யாரும் அதைச் சொல்வதில்லை.

நான் எடுத்தது ஒரு கப்பலை நடத்தும் பெண்ணை. “கப்பல் நடத்துற ஆளைத் தண்டையல் எண்டுறது, அக்கா” என்று பெடியன் சொல்லித்தந்தான். என் தண்டையல் அதிகம் பேசாதவள். துறைமுகத் தலைவன் ஒரு பொய்க் குற்றத்தைச் சாட்டி அவளுடைய கப்பலைக் கட்டிவைத்திருந்தான். மன்னிப்புக் கேட்டால் விடுவதாகச் சொன்னான். அவள் கேட்கவில்லை. கேட்காமலே கப்பலை மீட்கும் வழியை மாதக்கணக்காகத் தேடினேன். தலைவனாகப் பேசுவது அவர். மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் வாக்குவாதப்படும்போது மற்ற இருவரும் சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். “நீர் விடமாட்டீர் போல” என்று கடைசியில் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் நான் அவரைக் கட்ட நினைத்தேன்.

கோப்பாய்க்காரிக்கு ஞாயிறுகளில் கடமை விழத் தொடங்கியபோது இன்னொரு விதி தேவைப்பட்டது. வராதவரின் பாத்திரத்தை என்ன செய்வது? கதை நடத்துபவரே அதை நடத்தலாம், ஆனால் அந்தப் பாத்திரம் செய்யக்கூடியதைத்தான் செய்யவேண்டும் என்று அவர் சொன்னார். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. “என்ரை ஆளைச் சாக்காட்டிப்போடாதேங்கோ” என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டாள்.

கலியாணம் முடிந்து மானிப்பாயில் அவருடைய தாய் இருந்த வீட்டுக்குப் போனேன். மேசையும் எங்களோடு முன் அறைக்கு வந்தது. எந்தக் கிழமையில் என்று தெரியாது, அவர் வாயில் ‘நீர்’ ‘நீ’ ஆகியிருந்தது.

அறையில் விளையாடியபோது தேத்தண்ணி குடிக்க எல்லோருமாகத் தெருமுனைக் கடைக்குப் போவோம். வீட்டில் அப்படி இல்லை. “வந்த பிள்ளையளுக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லையே?” என்று உள்ளேயிருந்து மாமியின் குரல் வரும். நான் எழும்புவேன். பிறகு வடை. பிறகு மாமியின் பிரஷர்க் குளிசை. பிறகு மத்தியானக் கறிக்கு மீன் வெட்டுவது. ஒவ்வொரு முறை நான் திரும்பி வரும்போதும் என் தண்டையல் ஏதாவது செய்திருப்பாள்.

“நீ இல்லாத நேரம் உன்ரை ஆள் பாய் இறக்கினவ” என்பார் அவர். சின்னச் சின்ன விஷயங்கள்தான். நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒருநாள் தட்டத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். “நான் செய்தது பிழைதான் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” உடனே தலைவனின் தடித்த குரலுக்கு மாறி, போகட்டும் என்று மன்னித்தார். தட்டத்தோடு அப்படியே நின்றேன். அந்த மெல்லிய குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என்னைப்போலப் பேசிக்காட்டி மாமியைச் சிரிக்கவைக்கும்போது அவர் எடுக்கும் குரல் அது.

“அவ மன்னிப்புக் கேக்கமாட்டா” என்றேன்.

“கேட்டாத்தானே கப்பல் வரும். கதை எத்தினை நாளைக்கு ஒரே இடத்திலை நிக்கிறது?”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. குசினிக்குள்ளைதானே நிண்டனான்.”

“மேசையிலை இல்லாட்டி நான் நடத்தலாம். விதி அதுதானே.”

பெடியன் தன் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “விடுங்கோ அக்கா, கப்பல் வந்திட்டுதுதானே” என்றான்.

நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு புதிய விதியைக் கேட்டேன்: மேசையில் இல்லாதவரின் பாத்திரம் நித்திரை கொள்ளட்டும், திரும்பி வந்ததும் எழும்பட்டும். ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் கதை நின்றுவிடும் என்றார் அவர். நான் கோப்பாய்க்காரியைப் பார்த்தேன். அவள் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி, “எனக்குக் கடமை மாறி மாறி வருதடி. ரெண்டு கிழமை நான் வராட்டி என்ரை ஆள் ரெண்டு கிழமையும் நித்திரையே?” என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. பெடியன் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. விதி மாறவில்லை.

பிறகு நான் எழும்பாமல் இருந்து பார்த்தேன். மாமி கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து என் கணவர் என்னைப் பார்த்தார்.

“அம்மா கூப்பிடுறா.”

“உங்கடை அம்மாதானே. நீங்கள் போங்கோ. வரும்வரைக்கும் துறைமுகத்தை நான் நடத்துறன்.”

அவர் சிரித்தார். ஆனால் எழும்பவில்லை. மாமி திரும்பவும் கூப்பிட்டார். கடைசியில் குருநகர்ப் பெடியன் கதிரையைத் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தான். விருந்தாளி வந்து தன் குசினியில் தேத்தண்ணி போட்டது மாமிக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. சாயங்காலம் மகனிடம் சொல்லி அழுதார். இனி இந்த மேசை இந்த வீட்டில் வேண்டாம் என்றார்.

மேசை யாழ்ப்பாண நகருக்கு, பெடியன் வேலை செய்யும் கடையின் மேல்மாடிக்குப் போனது. “நீயும் வா” என்றுதான் அவர் சொன்னார். அதை ஒவ்வொரு கிழமையும் சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டபடி சொன்னார். ஞாயிறு மத்தியானச் சமையலை யார் செய்வது என்று அவரும் கேட்கவில்லை, மாமியும் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் போனபின் நான் அரிசியைக் கழுவுவேன்.

திரும்பி வந்து சோற்றைப் பிசைந்தபடி, என் ஆள் அன்று என்ன செய்தாள் என்று சொல்லுவார். அவள் தலைவனின் வீட்டில் விருந்து உண்டாள். அவனுக்குக் கடல் வழிகளைக் காட்டிக்கொடுத்தாள். பிறகு ஒருநாள் அவனையே கட்டினாள்.

“அவனையோ?”

“கதை அப்பிடித்தான் வந்தது. எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சுது. கோப்பாய்க்காரி அழுதே போட்டா.”

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஞாயிறு நான் போனேன். முதல்நாளே கறி சமைத்து வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போனேன். மேல்மாடியில் எனக்குக் கதிரை போட்டார்கள். கோப்பாய்க்காரி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள். என் தண்டையலை என்னிடம் திருப்பித் தந்தார்கள். அவள் தலைவனின் வீட்டு மேல்தளத்தில் நின்றிருந்தாள். துறையில் அவளுடைய கப்பல் நின்றது. நான் யோசிக்கவே இல்லை. “இறங்கிப் போறன். கப்பலை எடுத்துக்கொண்டு போறன்” என்றேன்.

ஒருவரும் பகடையை என் பக்கம் தள்ளவில்லை.

“அக்கா,” என்றான் பெடியன். குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. “அவ இப்ப அப்பிடிச் செய்யமாட்டா, அக்கா. அவ நல்லா மாறிட்டா.”

கோப்பாய்க்காரியும் தலையாட்டினாள். அவர் எதுவும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்க அவர்கள் எதிர்பார்த்ததையே அவள் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் எனக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரவில்லை. கையை முகர்ந்து பார்த்தேன், வெங்காயம் மணத்தது.

அன்றிரவு சாப்பாட்டின்போது, “அவவைச் சாக விடுங்கோ” என்று கேட்டேன்.

“உனக்கென்ன விசரே? அவவை வைச்சுத்தான் இப்ப கதையே ஓடுது.”

இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலரும் அங்கே போகிறார்கள். விதிகளை அவர் தட்டெழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறாராம். நல்ல விதிகள் என்று அவர்கள் புகழ்கிறார்களாம். அதையும் அவரே வந்து எனக்குச் சொல்கிறார்.

போன கிழமை கை கழுவ எழும்பியவர் பாதியில் நின்று கேட்டார். “அந்தத் தலைவன் இண்டைக்கு அவவைப் பொய்க்காரி எண்டு சொல்லிப்போட்டான். நான் நடத்தினா எல்லாம் ஒரே மாதிரி வருது. அவ என்ன சொல்லுவா, சொல்லு பாப்பம்?”

நான் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் கேள்வி முடியும் முன்பே அவளுடைய பதில் என் நாக்கில் வந்து நிற்கும்.

“தெரியாது” என்றேன்.

பொய் இல்லை. எனக்குத் தெரியவில்லை.